எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை: விண்ணப்பிக்கும் முன் ஆயத்தமாவது எப்படி?

உடல்பருமன் சிகிச்சைப் பிரிவில் எங்கள் முன் வந்து அமர்வோர் பெரும்பாலும் ஒரே கேள்வியுடன் தொடங்குகின்றனர்: "எனக்கு எப்போது அறுவை செய்வீர்கள்?" அக்கேள்விக்குப் பின்னால் பல ஆண்டுக் களைப்பு இருப்பதை நாங்கள் அறிவோம். சோற்றைக் குறைத்தும், விடியலில் எழுந்து நடந்தும், விளம்பரம் கண்டு பொடிகள் வாங்கிக் குடித்தும் குறைத்த எடை, ஆறு மாதத்தில் மீண்டும் ஏறிய ஏமாற்றம் அதில் இருக்கிறது. உறவினர் வீட்டு விசேஷத்தில் காதில் விழுந்த கேலியும் இருக்கிறது.

அவர்களுக்கு நாங்கள் உடனே ஒரு தேதியைத் தருவதில்லை. ஒரு பட்டியலைத் தருகிறோம். செய்ய வேண்டிய பரிசோதனைகள், சந்திக்க வேண்டிய வல்லுநர்கள், திரட்ட வேண்டிய ஆவணங்கள் என நீளும் அப்பட்டியலைக் கண்டு முகம் வாடுவோர் பலர். "எங்களைத் தவிர்க்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. அப்படி இல்லை. அறுவை மேசையில் கழியும் நேரம் சில மணிகளே. அதன் பயன் நிலைப்பதும் நிலைக்காததும் பெரும்பாலும் அதற்கு முன்னும் பின்னுமான மாதங்களைப் பொறுத்தது. அந்த முன்மாதங்களை எவ்வாறு பயன்படுத்துவது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறோம்.

இச்சிகிச்சை என்ன செய்கிறது?

இந்தியாவில் பரவலாகச் செய்யப்படுபவை இருவகை. ஸ்லீவ் கேஸ்ட்ரெக்டமி என்னும் முறையில் இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை அகற்றி, எஞ்சியதை ஒரு குழாய் போல ஆக்குகின்றனர். கேஸ்ட்ரிக் பைபாஸ் முறையில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை அமைத்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேராக இணைக்கின்றனர். இரண்டிலும் உண்ணும் அளவு குறைகிறது. அத்துடன் பசியையும் இரத்தச் சர்க்கரையையும் ஆளும் குடல் ஹார்மோன்களின் போக்கும் மாறுகிறது. எனவேதான் நீரிழிவு உள்ள பலருக்கு, எடை பெரிதாகக் குறையும் முன்பே சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது.

இது வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அழகுச் சிகிச்சை அன்று. வாழ்நாள் முழுவதும் உணவுமுறையையும், வைட்டமின் மாத்திரைகளையும், தொடர் பரிசோதனைகளையும் வேண்டும் சிகிச்சை. ஸ்லீவ் முறையில் அகற்றிய இரைப்பைப் பகுதியைத் திரும்ப வைக்க இயலாது. முடிவெடுக்கும் முன் குடும்பத்தினர் அனைவரும் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

இரண்டு வாயில்கள்

விண்ணப்பம் என்று நாம் சொல்வது உண்மையில் இரண்டு இடங்களில் கேட்கப்படும் ஒப்புதல். ஒன்று, மருத்துவக் குழுவின் ஒப்புதல். மற்றொன்று, காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல். முதல் வாயிலைக் கடந்தவர் இரண்டாவதையும் கடப்பார் என்பது உறுதியில்லை. இதை அறியாததால் ஏற்படும் மனவேதனையை நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

இரண்டு இடத்திலும் முதலில் பார்க்கப்படுவது உடல் நிறைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ. உடல் எடையைக் கிலோகிராமில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி வரும் எண்ணால் எடையை வகுக்க வேண்டும். 158 சென்டிமீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீடு ஏறத்தாழ 32.

1991-இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய மாநாடு, குறியீடு 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கடுமையான உடன்நோய்களும் சேர்ந்திருந்தாலோ அறுவையைக் கருதலாம் என்றது. பின்னர் கிடைத்த அனுபவத்தால் அவ்வரம்பு தளர்ந்தது. 2022-இல் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் இணைந்து வெளியிட்ட வழிகாட்டுதல், குறியீடு 35-ஐ எட்டியவர்களுக்கு உடன்நோய் இல்லாவிடினும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. வளர்சிதை மாற்ற நோய் உள்ளவர்களுக்கு 30 முதலே கருதலாம் என்கிறது. ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவும் இதயநோயும் வருவதால், 27.5 முதலே இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்றும் கூறுகிறது.

காப்பீட்டின் அளவுகோல் வேறு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விதிவிலக்குகளில் உடல்பருமன் சிகிச்சைக்கு ஒரு பிரிவு உண்டு. அதன்படி பின்வரும் நிபந்தனைகள் யாவும் நிறைவேறினால் மட்டுமே அறுவைச் செலவு விலக்கிலிருந்து தப்பும்: மருத்துவரின் அறிவுரையின்பேரில் அறுவை நடைபெற வேண்டும், மருத்துவ நெறிமுறைகள் அதை ஆதரிக்க வேண்டும், நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். குறியீடு 35 முதல் 40 வரை எனில், அறுவையல்லாத எளிய வழிகளை முயன்றும் எடை குறையாதிருக்க வேண்டும். அத்துடன் நான்கு நோய்களுள் ஒன்றேனும் இருக்க வேண்டும். அவை: உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதயத் தமனி நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்குள் வராத இரண்டாம் வகை நீரிழிவு.

மேலே சொன்ன, குறியீடு 32 உள்ளவருக்குக் கடும் நீரிழிவு இருந்தால் மருத்துவக் குழு அறுவையைப் பரிந்துரைக்கக்கூடும். ஆயினும் அவருடைய பாலிசி பணம் தராமல் போகலாம். இது யாருடைய பிழையும் அன்று. இரு அளவுகோல்களுக்கு இடையிலான இடைவெளி. தம் நிலை எங்கே என்பதை முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டவர், நகையை அடகு வைக்கும் முன் வேறு வழிகளை ஆராயலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிலவற்றிலும் இச்சிகிச்சை நடைபெறுகிறது, அதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

இரண்டு சென்டிமீட்டரின் விலை

சரியான அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவரின் எடை 88 கிலோ, உண்மையான உயரம் 158 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். குறியீடு 35.3. அவரே செருப்புடன் நின்று அளந்ததால் உயரம் 160 என்று பதிவாகிவிட்டால் குறியீடு 34.4 ஆகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் கோட்டுக்கு அப்பால் இருந்தவர் இப்பால் வந்துவிடுகிறார். பழைய சீட்டில் இருந்த உயரத்தைப் பார்த்து எழுதுவதும், ஆதாயம் கருதிக் கூட்டிக் குறைத்து எழுதுவதும் ஒருபோதும் வேண்டா. வெறுங்காலுடன், மருத்துவமனையில், செவிலியர் முன்னிலையில் அளந்து தேதியுடன் பதிவு செய்யப்படுவதே செல்லும்.

ஒரு கோப்பு தொடங்குங்கள்

"நான் எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன்" என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் தாளில் இல்லாத முயற்சியைக் காப்பீட்டு அலுவலர் காண இயலாது. எனவே வீட்டில் ஓர் உறைக்கோப்பு வாங்கி, கீழ்க்காண்பவற்றைத் தேதி வரிசையில் அடுக்குங்கள்.

முதலாவது, எடையின் வரலாறு. சில ஆண்டுகளாக எந்த மருத்துவமனைக்குச் சென்றிருந்தாலும், புறநோயாளர் சீட்டில் எடை குறிக்கப்பட்டிருக்கும். அலுவலக ஆண்டுப் பரிசோதனை, மகப்பேற்றுக் காலப் பதிவேடு போன்றவையும் உதவும்.

இரண்டாவது, முயற்சிகளின் சான்று. உணவியல் வல்லுநரைச் சந்தித்த சீட்டுகள், உடற்பயிற்சிக் கூடத்தின் கட்டண ரசீது, எடைக்காக எடுத்துக்கொண்ட மாத்திரை அல்லது ஊசியின் மருந்துச்சீட்டு. இவை இல்லாதவர்கள் வருந்த வேண்டா. இன்று முதல் மாதம் ஒருமுறை எங்கள் உணவியல் வல்லுநரிடம் வந்து பதிவு செய்துகொண்டாலே ஒரு சான்று உருவாகிவிடும்.

மூன்றாவது, உடன்நோய்களின் சான்று. நீரிழிவுக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அறிக்கைகள். இதயநோய்க்கு எக்கோ, ஆஞ்சியோகிராம் அறிக்கைகள். குறட்டையும் பகல் தூக்கமும் இருப்பின் உறக்க ஆய்வு அறிக்கை.

நான்காவது, பாலிசிப் பத்திரம். முகப்பு அட்டை மட்டும் போதாது. நிபந்தனைகள் அச்சிடப்பட்ட முழு ஆவணமும் தேவை. அதில் மூன்றைத் தேடுங்கள்: உடல்பருமன் அறுவைக்கெனத் தனிக் காத்திருப்புக் காலம் உள்ளதா, அதற்கெனத் தனித் தொகை வரம்பு உள்ளதா, பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்களுக்கு எத்தனை மாதக் காத்திருப்பு. 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிப்படி, முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்பு 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. படித்துப் புரியவில்லை எனில் எங்கள் காப்பீட்டு உதவி மேசைக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்து படிப்போம்.

மறைக்க வேண்டாதவை

இப்பகுதியை மற்ற எதையும்விட அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறோம். "உண்மையைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ" என்ற அச்சத்தால் சிலர் எங்களிடம் சிலவற்றை மறைக்கின்றனர். பெரும்பாலும் மறைக்கப்படுபவை: புகைப்பழக்கம், மது, மனச்சோர்வுக்கு எடுக்கும் மாத்திரை, இரவில் எழுந்து கட்டுப்பாடின்றி உண்ணும் பழக்கம், நாட்டு மருந்துகள், வெளியில் போட்டுக்கொண்ட எடைக்குறைப்பு ஊசி.

இவற்றுள் எதுவும் உங்களைக் குற்றவாளி ஆக்குவதில்லை. பெரும்பாலானவை உங்கள் விண்ணப்பத்தை முடித்துவிடுவதும் இல்லை. சிறிது காலம் தள்ளிவைக்கும், அவ்வளவே. மறைத்தால் விளையும் தீங்கோ பெரிது. புகைப்பவருக்கு நுரையீரல் தொற்றும், காயம் ஆறாமையும், பைபாஸ் செய்த இணைப்பில் புண்ணும் வரும் வாய்ப்பு மிகுதி. எனவே அறுவைக்குக் குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே புகையை நிறுத்தச் சொல்கிறோம். பைபாஸுக்குப் பின் மது விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. முன்பு அளவோடு குடித்தவரும் பின்னர் அடிமையாகும் ஆபத்து உண்டு. எடைக்குறைப்பு ஊசிகள் சில இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. பட்டினியாக வந்தபோதும் வயிற்றில் உணவு தங்கியிருந்து, மயக்க நிலையில் மூச்சுக்குழாய்க்குள் புகலாம். மயக்கவியல் மருத்துவர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் இத்தகைய ஒரு காரணம் இருக்கிறது.

உளவியலாளரைச் சந்திக்கச் சொல்வதும் அவ்வாறே. அது மனநலம் சரியில்லை என்ற முத்திரை குத்துவதற்கன்று. துயரம் வந்தால் உணவை நாடும் பழக்கம் உள்ளவருக்கு, அறுவைக்குப் பின் அந்த ஆறுதலும் இல்லாமல் போகும். அதற்கு மாற்று என்ன என்பதை முன்கூட்டியே பேசிவைப்பதற்கே அச்சந்திப்பு.

குடும்பத்தினர் முன் சொல்லத் தயங்கும் செய்தி ஏதேனும் இருப்பின், "தனியாகப் பேச வேண்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கு ஏற்பாடு செய்வது எங்கள் கடமை.

பரிசோதனைகள் ஏன் இத்தனை?

இரத்தசோகை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், வைட்டமின் டி, பி12, இரும்புச்சத்து ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் எல்லோருக்கும் உண்டு. நம்மிடையே இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருக்கிறது. அறுவைக்குப் பின் இவை உடலில் சேர்வது மேலும் குறையும். குறையை முன்பே நிரப்பாவிட்டால் பின்னர் கால் மரத்துப்போதல், களைப்பு, எலும்புத் தேய்வு என வெளிப்படும். வயிற்று ஸ்கேன் பித்தப்பைக் கற்களையும் கொழுப்பேறிய கல்லீரலையும் காட்டும். எண்டோஸ்கோபி இரைப்பைப் புண்ணையும் கிருமித்தொற்றையும் காட்டும். கடும் நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஸ்லீவ் ஏற்றதா, பைபாஸ் ஏற்றதா என முடிவெடுக்க அது உதவும். உறக்க மூச்சுத்தடை தெரியவந்தால், இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்தி உறங்கப் பழகிய பின்பே அறுவைக்குச் செல்வது பாதுகாப்பு.

பிள்ளைப்பேறு வயதில் உள்ள பெண்களுக்கு ஒரு குறிப்பு. எடை குறையக் குறையக் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரைகள் முழுமையாகப் பலனளிக்கும் என நம்பவும் இயலாது. எனவே மகப்பேறு மருத்துவரின் ஆலோசனையையும் இப்போதே பெறுங்கள்.

இன்றே பழகத் தக்கவை

அறுவைக்குப் பின்னான வாழ்வை அறுவைக்கு முன்பே ஒத்திகை பார்க்கலாம். ஒரு கவளத்தை இருபது முறை மெல்லுங்கள். உணவுக்கு இடையில் தண்ணீர் பருகுவதை விடுத்து, அரை மணி நேரம் கழித்துப் பருகுங்கள். தட்டில் முதலில் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் போன்ற புரத உணவை உண்டு, அதன்பின் காய், கடைசியில் சோறு என வரிசையை மாற்றுங்கள். சர்க்கரை சேர்த்த காப்பி, பழச்சாறு, குளிர்பானம் ஆகியவற்றைப் படிப்படியாக விடுங்கள்; இவை சுருங்கிய இரைப்பையிலும் தடையின்றி இறங்கி, குறைந்த எடையைத் திரும்பக் கொண்டுவருபவை. நாள்தோறும் இயன்ற அளவு நடப்பது, இரத்தக்கட்டு ஏற்படும் ஆபத்தையும் மூச்சுத்திணறலையும் குறைக்க உதவும்.

தேதி உறுதியான பின், கடைசி இரு வாரங்களுக்குக் குறைந்த மாவுச்சத்து உணவுமுறை ஒன்றைத் தருவோம். கொழுப்பேறிய கல்லீரல் அதனால் சுருங்கி, இரைப்பையை மருத்துவர் எளிதாக அணுக வழி பிறக்கும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் அவ்வுணவுமுறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மருந்தளவைக் குறைக்காவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

குடும்பத்தினருக்கு ஒரு சொல்

நம் வீடுகளில் அன்பு உணவாகவே பரிமாறப்படுகிறது. "இன்னும் ஒரு வாய் சாப்பிடு" என்பது வசை அன்று, வாஞ்சை. ஆயினும் அறுவை செய்துகொண்டவருக்கு அந்த ஒரு வாய் வலியும் வாந்தியும் ஆகும். வற்புறுத்தாமல் இருக்க வீட்டார் இப்போதே பழக வேண்டும். அவருக்கெனத் தனியே சமைத்து ஒதுக்குவதைவிட, எல்லோரும் உண்ணும் உணவிலேயே எண்ணெயையும் இனிப்பையும் குறைப்பது நல்லது. ஆலோசனைகளுக்கு உடன் வாருங்கள். மருத்துவர் சொல்வதை ஒருவர் மறந்தாலும் மற்றவர் நினைவில் வைத்திருப்பார். அறுவைக்குப் பின் தொடர் வாந்தியோ, காய்ச்சலோ, விடாத வயிற்று வலியோ, நெஞ்சுப் படபடப்போ கண்டால் "சரியாகிவிடும்" என்று காத்திராமல் உடனே அழைத்துவர வேண்டியவரும் நீங்களே.

மறுப்பு வந்தால்

காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கிறது என்பதை எழுத்தில் தர வேண்டும். அக்கடிதத்தை எங்களிடம் கொண்டுவாருங்கள். விடுபட்ட அறிக்கை ஒன்றால் மறுப்பு வந்திருந்தால், அதை இணைத்து மறுபரிசீலனை கோரலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் முறையிட வேண்டும். முறையீட்டை அவர் தள்ளினாலோ, ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவ்வலுவலகம் சென்னையில் உள்ளது. அதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

மருத்துவக் குழு "இப்போது வேண்டா" என்று சொல்வதும் உண்டு. அது பெரும்பாலும் முடிவான மறுப்பு அன்று. எதைச் சரிசெய்துகொண்டு எப்போது திரும்பி வரலாம் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆயத்தக் காலத்திலேயே எடை குறைந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்து, அறுவையே வேண்டாம் என முடிவெடுப்பவர்களும் இருக்கின்றனர். அதுவும் எங்களுக்கு மகிழ்ச்சியே.

முதல் வருகைக்கு உங்கள் கோப்பையும், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், வீட்டில் உங்கள் சொல்லுக்குச் செவிசாய்க்கும் ஒருவரையும் உடன் கொண்டுவாருங்கள். "எப்போது அறுவை?" என்ற கேள்விக்கு விடை காணும் வேலையை அன்றே சேர்ந்து தொடங்குவோம்.